இரண்டு சூரியன்

முதல் சொட்டு விழுந்ததும் எரிந்தது. இரண்டாவது விழுவதற்குள் செண்பகவல்லி இமையை இறுக்கிக்கொண்டாள். நர்ஸ் பெண், "தொறங்கம்மா, வெங்காயம் உரிக்கையில இவ்வளவு பயப்படுவீங்களா" என்று விரலால் இமையைப் பிரித்துச் சொட்டை விட்டுவிட்டு, கையில் ஒரு பஞ்சைத் திணித்து, "மூடியே வச்சிருக்கணும். கால் மணிக்கு ஒருக்க வருவேன், மூணு தடவை. கண் பாப்பா விரிஞ்சாத்தான் டாக்டர் உள்ள பாக்க முடியும்" என்று சொல்லி அடுத்த நாற்காலிக்குப் போனாள். மடியில் கிடந்த பைக்குள் போன் துடித்தது. நின்றது. மறுபடியும் துடித்தது. வயிற்றுக்குள்ளேயே யாரோ உட்கார்ந்துகொண்டு விரலால் சுண்டுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் அவள் புருஷன் காளிராஜ் ஆஸ்பத்திரி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவன் போட்டிருந்த விபூதி வாசனையிலேயே தெரிந்தது. முப்பது வருஷம் தனியார் பஸ் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தவன், நர்ஸ் கால் மணி என்றால் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். "பதினொண்ணு நாலு" என்றான், யாரும் கேட்காமலே. "அந்தப் போன அமத்தித் தொலையேன், வண்டு மாதிரி அனத்திக்கிட்டே கெடக்கு." அமத்தத்தான் வேண்டும். அமத்தினால் யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது, அமத்தாவிட்டாலும் தெரியப்போவதில்லை, கண்ணைத் திறந்தால் எழுத்தெல்லாம் கஞ்சி மாதிரி கலங்கும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் துடிக்கிறவரைக்கும் அங்கே ஆள் இருக்கிறது என்றாவது தெரியும். குரூப்பில் பதினோராயிரத்து நானூறு பேர். இன்றைக்கு அவர்களுக்குப் பலன் சொல்லச் சீட்டு எடுக்கவில்லை. நாலு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை, காய்ச்சலில் கிடந்தபோதும் எடுத்தாள், மாமியார் பதினாறாம் நாள் காரியத்தன்றும் வீட்டில் ஆள் நிறைந்து கிடக்க அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து எடுத்தாள். இன்றைக்கு ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்று இவன் அடித்த கூத்தில் சிவகாசியிலிருந்து மதுரைக்கு வந்து சேர்ந்ததே பெரிய பாடு. பஸ்ஸிலாவது எடுக்கலாம் என்று போனைத் திறந்தபோதுதான் குரூப்பில் கூடமாட இருக்கிற டயானா போட்டிருந்ததைப் பார்த்தாள். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். அக்கா, ஒரு சின்ன சந்தேகம். அப்படித்தான் ஆரம்பித்திருந்தாள். சின்ன சந்தேகமாம்.

சின்ன சந்தேகம் என்றால் தனியாகக் கேட்க வேண்டியதுதானே. போன் போட்டு, அக்கா இப்படி ஒரு விஷயம் என்று கேட்டால் சொல்லாமலா போய்விடுவாள். சொல்லியிருக்க மாட்டாள்தான். ஆனாலும் எல்லோர் முன்னாலும், பள்ளிக்கூடத்தில் ரேங்க் அட்டை ஒட்டுகிற மாதிரி, கட்டம் கட்டிப் போட்டிருந்தாள். இடது பக்கம் சீட்டின் பெயர், வலது பக்கம் அது நாலு வருஷத்தில் எத்தனை நாள் வந்தது என்ற எண்ணிக்கை. செண்பகவல்லி எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எண்ணிக்கையை ஏமாற்றி அவளிடம் யாரும் காட்ட முடியாது. விறகு சுமக்கிறவன் பதினெட்டு நாள். தலைகீழாகத் தொங்குகிறவன் இருபத்தொன்று. கறார் ராணி பதினேழு. எல்லாமே பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் உள்ளே. சூரியன் மட்டும் முப்பத்தொன்பது. அதைக் கறுப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தாள். அப்புறம் கடைசி வரியில் இன்னொரு வட்டம். ஒன்பது வாள், பூஜ்யம். "எழுபத்தெட்டுச் சீட்டில் இது மட்டும் ஒரு நாள்கூட வரவில்லையே, எப்படி அக்கா?" கீழே ஒரு சிரிக்கிற பொம்மை. அந்தப் பொம்மைதான் செண்பகவல்லிக்கு ஆறவில்லை. நாகர்கோவில்காரி, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்கார்ந்து ஊரான் கணக்கையெல்லாம் பார்க்கிறவள், கை சும்மா இருக்காது. அக்கா அக்கா என்று காலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். குரூப்பை வாட்ஸப்பிலிருந்து டெலிகிராமுக்கு மாற்றிக் கொடுத்ததும் அவள்தான், அங்கே ஆயிரத்துக்கு மேல் ஆள் கொள்ளவில்லை என்று. கொள்ளாவிட்டால் என்ன. ஆயிரம் பேர் போதாதா. பத்தொன்பது பேர் போதாதா. ஏழு பேராக இருந்தது, ஏழு பேரோடு நின்றிருக்கலாம்.

"பதினொண்ணு இருபது" என்றான் காளிராஜ். "அந்தப் பிள்ளை ஒரு நிமிஷம் லேட்டு." நர்ஸ் வந்தாள், இமையைப் பிரித்தாள், இந்த முறை எரியவில்லை, தொண்டைக்குள் ஒரு கசப்பு இறங்கியது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படி வருகிறது என்று தெரியவில்லை. எங்கே விட்டது எங்கே வந்து கசக்கிறது. ஏழு பேர் என்றால் அச்சகத்தில் வேலை பார்த்த ஏழு பேர். நீள மேசை, மேசைமேல் வரிசையாகப் படச் சீட்டுக் கட்டு, ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு குவியல். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு டாரட் சீட்டு ஆர்டர். டாரட் என்ற பெயர்கூட அப்போது தெரியாது, படம் பார்த்துப் பலன் சொல்கிற சீட்டு, வெள்ளைக்காரர்கள் கிளி இல்லாமல் பார்ப்பார்கள் என்று சூப்பர்வைசர் சொன்னதுதான். ஒவ்வொருத்தியும் தன் குவியல்களிலிருந்து ஒன்றொன்றாக எடுத்து வைத்து அடுத்தவளுக்குத் தள்ள, கடைசி ஆளிடம் போகும்போது எழுபத்தெட்டும் சேர்ந்திருக்கும். எண்ணக் கூடாது, எண்ணினால் நேரம் ஆகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தாலே தெரிய வேண்டும், எழுபத்தேழா எழுபத்தெட்டா என்று. செண்பகவல்லிக்குத் தெரியும். அவள்தான் கடைசியில் நிற்கிறவள், வாள் படங்களும் அவள் குவியல்தான். மூன்று மாதம் அந்த ஒன்பது வாளை எடுத்து எடுத்து வைத்தாள். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிற ஒரு பொம்பளை. பின்னால் கறுப்புச் சுவர், சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது வாள். போர்வையில் மட்டும் ரோஜாப் பூ. மற்ற படங்களுக்கெல்லாம் ஏழு பேரும் வேலைக்கு நடுவே ஒரு பேர் வைத்துச் சிரித்திருக்கிறார்கள். செத்தவன் மேல் குதிரை விடுகிற எலும்புக்கூட்டுக்குக்கூடக் குதிரைக்காரன் என்று பேர் வைத்து, சூப்பர்வைசர் வரும்போது "ஏளா, குதிரைக்காரன் வாரான்" என்று கிசுகிசுத்துச் சிரித்தார்கள். இவளுக்கு மட்டும் யாரும் பேர் வைக்கவில்லை. யாரும் சொல்லிவைத்துக்கொள்ளவில்லை, வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆர்டர் முடிந்ததும் மை பரவியது, விளிம்பு நறுங்கியது என்று தள்ளிய சீட்டுகளை எடைக்குப் போடுவதற்கு முன்னால் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதிலிருந்து பொறுக்கிப் பொறுக்கித்தான் செண்பகவல்லி தனக்கென்று ஒரு கட்டுச் சேர்த்தாள். எல்லாம் சேர்ந்துவிட்டது. அந்த ஒன்பது வாளும் கிடைத்தது, கிடைக்கவில்லை என்று பொய் சொல்ல முடியாது, மை கொஞ்சம்கூடப் பரவாத நல்ல சீட்டாகவே கிடைத்தது. வீட்டில் வைத்து ஒவ்வொன்றாக அடுக்கும்போது, இதை எதற்கு என்று தோன்றியது. மூன்று மாதம் பார்த்தது போதாதா. எடுத்து வெளியே வைத்தாள். கையில் பிடித்துப் பார்த்தால் கட்டு எழுபத்தேழு. அது பொறுக்கவில்லை. ஒரு கட்டு என்றால் எழுபத்தெட்டு இருக்க வேண்டும், விரலுக்கு அது தெரியும், ஒரு தாள் குறைந்தாலும் ராத்தூக்கம் போய்விடும். பொறுக்கி வந்த கூடையில் உபரியாக ஒரு சூரியன் கிடந்தது, வெள்ளைக் குதிரைமேல் அம்மணமாகக் கையை விரித்துக்கொண்டு ஒரு பிள்ளை, பின்னால் சூரியகாந்திப் பூ. அதை வைத்துச் சரிக்கட்டினாள். எழுபத்தெட்டு. தப்பு என்று அப்போது நினைக்கவேயில்லை. யாருக்காவது சீட்டு எடுப்போம் என்று நினைத்தால்தானே தப்பு சரி என்று பார்க்க. பொழுதுபோகாமல் கூட வேலை பார்த்தவர்களுக்கு எடுத்துச் சொன்னாள், அவர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப், சீட்டுக்காரிகள் என்று பேர். காலையில் ஆறு மணிக்கு மஞ்சள் துணியை விரித்து, ஒன்பது தரம் கலைத்து, ஒரு சீட்டு எடுத்துப் படம் பிடித்துப் போட்டு, ஒரு நிமிஷம் பேசிப் போடுவது. இன்றைக்கு விறகுக்காரன் வந்திருக்கான், சுமையை ஒரு இடத்துல எறக்கி வச்சிட்டுத் தண்ணி குடிங்க. அவ்வளவுதான் பலன். அதைக் கேட்டுத் திருப்பூரில் இருக்கிற மதினியைச் சேர்க்கட்டுமா என்றாள் ஒருத்தி, கோவில்பட்டிச் சித்தியைச் சேர்க்கட்டுமா என்றாள் இன்னொருத்தி. மாதச் சீட்டு என்று நினைத்து ஒரு ஆள் சேர்ந்து, ஏலம் என்றைக்கு என்று கேட்டு, ஒரு மாதம் கழித்துத்தான் விஷயம் புரிந்து, ஆனாலும் போகாமல் இன்றைக்குவரை இருக்கிறார். அக்காவுக்குச் சூரியன் நிறைய வருது, கைராசிக்காரி. அப்படித்தான் பேச்சுப் பரவியது. வேறு குரூப்பில் போனால் கோபுரம் இடிகிறது, நெஞ்சில் வாள் குத்துகிறது, இங்கே வந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு சூரியனாவது உண்டு. மலேசியாவிலிருந்து வந்தார்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். சூரியன் வந்த நாளில் பரீட்சை எழுதிப் பாஸானவள் ஐம்பது பேரைச் சேர்த்தாள். ஒரே படம் இரண்டு இருந்தால் இரண்டு மடங்கு வராமல் என்ன செய்யும். இதற்குக் கம்ப்யூட்டர் வேறு.

சீட்டுக்காரிகள் என்ற பேரை மாற்றித் தமிழ் டாரட் சங்கமம் என்று வைத்தார்கள். வாக்கெடுப்பாம். அவளும் ஓட்டுப் போட்டாள், பழைய பேருக்கு, தோற்றாள். வணக்கம் போடக் கூடாது, பூப்படம் போடக் கூடாது, அட்மின்களைத் தவிர யாரும் குரல் பதிவு போடக் கூடாது என்று டயானா விதி எழுதி மேலே குத்தி வைத்தாள். பதினோராயிரம் பேர் பேசினால் யார் கேட்பது என்பது நியாயம்தான். ஆனால் குரல் போனதோடு ஆளும் போய்விட்டது. முன்னெல்லாம் குரலைக் கேட்டாலே யாருக்குச் சளி, யார் அழுதுவிட்டு வந்து பேசுகிறாள், யார் வீட்டில் குக்கர் அடிக்கிறது என்று தெரியும். இப்போது எழுத்து, எழுத்துக்குப் பக்கத்தில் கைகூப்புகிற பொம்மை. ஆயிரம் கைகூப்பு. யாருக்கு யார் என்று பதில் சொல்ல. குரல் பதிவை நிறுத்தியது போன ஆடியில். அதற்கு முந்தின வாரம்தான் மாரிச்செல்வி. அதை விடு. "அந்தம்மா எந்த ஊருன்னு கேக்காங்க" என்று காளிராஜ் தோளை இடித்தான். அந்தப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல், "சிவகாசியா, நான் அருப்புக்கோட்டை. சர்க்கரையா" என்றது. "ஆமா." "எத்தனை வருஷமா." "ஒன்பது." "எனக்குப் பதினாலு. பயப்படாதீங்க, எனக்கு ஒண்ணுதான் போயிருக்கு." என்ன மனுஷி. ஒன்றுதான் போயிருக்கிறதாம். அதை ஆறுதலாகச் சொல்கிறாள். செண்பகவல்லி பஞ்சை இமைமேல் அழுத்திக்கொண்டாள். இரண்டு மாதமாகவே வலது கண்ணின் ஓரத்தில் நூல் மாதிரி ஒன்று மிதக்கிறது, சீட்டின் மூலையில் இருக்கிற சின்னப் பூவெல்லாம் தெரிவதில்லை. இங்கிலீஷும் தெரியாது, புத்தகமும் படித்ததில்லை, படத்தைப் பார்த்துத்தானே இவ்வளவும். கண் போனால் என்ன மிஞ்சும். விரல் மிஞ்சும். விரலுக்கு எழுபத்தெட்டா என்றுதான் தெரியும், எது எது என்று தெரியாது. அந்த அருப்புக்கோட்டை அம்மாளைப் போல, கெட்டதையும் நல்லது மாதிரி சொல்லுகிறவர்களை அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. பிடிக்காதா. அவள் என்ன செய்தாளாம்.

மாரிச்செல்வி எட்டயபுரம். குரூப்பில் அவள் பேருக்குப் பக்கத்துப் படத்தில் ஆள் இருக்காது, ஒரு கன்றுக்குட்டி இருக்கும். அதிகம் பேச மாட்டாள். ஒரு நாள் மத்தியானம் குரல் பதிவு ஒன்று வந்தது, பின்னால் மின்விசிறி கிறீச்சிடுகிற சத்தம், "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வர்ற சீட்டெல்லாம் வேற யாருக்கோ வர வேண்டியது மாதிரியே இருக்கு. எல்லாம் நல்லதாவே இருக்கு. எனக்குன்னு ஒண்ணு வர மாட்டேங்குது." அவ்வளவுதான். பதினாறு நொடி. அதற்குச் செண்பகவல்லி, சமையல் அடுப்பில் இருக்கும்போதே, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "மனசை விடாத, நாளைக்குப் பாரு, சூரியன் வரும்" என்று பேசிப் போட்டாள். மறுநாள் அவள் ஒன்பது தரம் கலைக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போதுகூட வேறு எதையாவது நினைத்துக் கடந்துவிடுவாள், இப்போது கண்ணை மூடியிருப்பதால் கடந்துபோக இடமில்லை. கட்டைப் புரட்டி, சூரியனைத் தேடி எடுத்து, மேலே வைத்துப் படம் பிடித்துப் போட்டாள். முந்நூறு பேர் கைகூப்பினார்கள். பதினொன்றரை மணிக்கு ஒரு வரி வந்தது, சின்ன எழுத்தில், யாரும் எழுதாமல் தானே வருகிற வரி. மாரிச்செல்வி வெளியேறினார். அப்புறம் கூப்பிட்டுப் பார்த்தாள், இரண்டு முறை, மணி அடித்து நின்றது. மூன்றாவது முறை கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை. வேலை இருந்தது, வீட்டில் ஆள் இருந்தது, சாயங்காலம் கூப்பிடலாம் என்று இருந்தது, சாயங்காலத்துக்கு எட்டாயிரமாவது ஆள் சேர்ந்ததென்று டயானா கேக் படம் போட்டாள். ஒருத்தி போனால் எண்ணிக்கையில் தெரியவா செய்கிறது. கட்டில் ஒன்று குறைந்தால் விரலுக்குத் தெரிகிறது, குரூப்பில் ஒருத்தி குறைந்தால் தெரியவில்லை. எனக்குன்னு ஒண்ணு வர மாட்டேங்குது. வராதுதான். எப்படி வரும். அவளுக்கென்று இருந்ததை எடுத்து வெளியே வைத்தது யார். அந்தப் படத்துப் பொம்பளைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, அதனால்தான் பார்க்கப் பயமாக இருந்தது, ஆனால் அதைப் பார்த்த ஒருத்திக்கு, அட இவளும் என்னை மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று தோன்றியிருக்கும் இல்லையா. அப்படித் தோன்றியிருந்தால் மறுநாளும் இருந்திருப்பாள் இல்லையா. இருந்திருப்பாளோ என்னவோ. குரூப்பில் இருந்திருப்பாள். குரூப்பில்தான். வேறு எதையும் நினைக்கக் கூடாது. கல்யாணமாகி வேறு ஊர் போயிருக்கலாம், போன் தொலைந்திருக்கலாம், இந்தப் பைத்தியக்காரத்தனமெல்லாம் வேண்டாம் என்று புருஷன் திட்டியிருக்கலாம். போன் மடியில் துடித்தது.

"பதினொண்ணு முப்பத்தஞ்சு, கடைசிச் சொட்டு" என்று நர்ஸுக்கு முன்னால் காளிராஜ் அறிவித்தான். சொட்டு விழுந்த கணத்தில் கண்ணைக் கொஞ்சம் திறந்தபோது செண்பகவல்லி பார்த்தாள். ஜன்னலெல்லாம் வெள்ளையாக எரிந்தது. எதிர் வரிசையில் இருபது பேர். முகம் தெரியவில்லை, உருவம்தான் தெரிந்தது. பாதிப் பேர் பஞ்சைப் பிடித்த கையைக் கண்மேல் வைத்துக்கொண்டு, சிலர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, நேராக நிமிர்ந்து. சுவரோரமாக இன்னும் ஒரு வரிசை. "மூடுங்கம்மா" என்றாள் நர்ஸ். மூடினாள். மூடியும் தெரிந்தது. தானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள், இவர்கள் யாரும் யாரையும் பார்க்காமல் இருக்கிறார்கள், அருப்புக்கோட்டை அம்மாள் மட்டும் பேசுகிறாள். டயானாமேல் காலையிலிருந்து இருந்த எரிச்சல் எங்கேயும் போகவில்லை, அப்படியே இருந்தது, ஆனால் இப்போது அது உட்கார இடம் தெரியாமல் நின்றது. அவள் கேட்டதில் என்ன தப்பு. எண்ணினாள், ஒரு சீட்டு வரவில்லை, கேட்டாள். எண்ணிப் பார்க்கிற ஒருத்தியாவது இருக்கிறாளே. தப்பு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடலாம். சில சீட்டு சிலருக்கு வராதும்மா, அது அதன் இஷ்டம், என்று ஒரு நிமிஷம் பேசிப் போட்டால் பதினோராயிரம் பேரும் தலையாட்டுவார்கள், கைராசி இன்னும் ஏறும். நாளைக்குக் கட்டில் அந்தச் சீட்டைச் சேர்த்து, ஒரு சூரியனை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. டயானாவுக்குத் தெரியும். போகட்டும், அவளுக்கும் தெரியாமல் போகும். வழி இருக்கிறது. வழி இருப்பதுதான் வெறுப்பாக இருந்தது. "இந்தாங்க" என்றாள். "என்ன, தண்ணியா?" "போன எடுத்து என்ன போட்டிருக்காகன்னு வாசிங்க." காளிராஜ் அவள் மடியிலிருந்த பையைத் திறந்தான். நாலு வருஷமாக அந்தக் குரூப்புக்கு அவன் வைத்திருக்கிற பேர் கிளிக்கூண்டு. "கிளிக்கூண்டுக்கு இன்னைக்கு நானா சோறு வைக்கணும்" என்றான். "வாசிங்கன்னா வாசிங்க."

வாசித்தான். எந்தப் பஸ் எந்த ஊர் எத்தனை மணி என்று மைக்கில் சொல்கிற அதே குரலில் வாசித்தான். "முந்நூத்திப் பன்னெண்டு இருக்கு. சுகன்யா மலேசியா, அக்கா இன்னிக்குச் சீட்டு எங்கே. அடுத்து, மணிமொழி, அக்கா உடம்பு சரியில்லையா. அடுத்து எவனோ, நாலு வருஷமா ஏமாத்துனீங்களா, கேள்விக்குறி. அவனுக்கு ஒருத்தன், உனக்குப் பிடிக்கலன்னா போடா. விதிமுறை ஆறு, மரியாதை, அப்படின்னு ஒண்ணு. அடுத்து டயானா." நிறுத்தினான். "டயானா என்ன?" "அக்கா பதில் சொல்லட்டும், அதுவரைக்கும் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், நான் எண்ணிக்கையைத்தான் கேட்டேன், அக்காவைக் கேட்கலை." பிறகு தானாக, வாசிக்கிற குரலை விட்டு, "என்ன எழவு இது, என்ன ஏமாத்துன நீ" என்றான். செண்பகவல்லி போனை வாங்கினாள். உறையின் பின்பக்கத்தை நகத்தால் நெம்பினாள், பார்க்காமலே. போனுக்கும் உறைக்கும் நடுவில் அது இருந்தது. வீட்டில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள், எறியவும் மனசு வரவில்லை, சீட்டை எப்படி எறிவது. நாலு வருஷமாக ஒவ்வொரு துடிப்பும் அதன் முதுகில்தான் விழுந்திருக்கிறது. "இதைப் படம் புடிச்சுப் போடுங்க." "எங்க வச்சு? அந்த மஞ்சத்துணி கெடையாதே." அவனுக்கு மஞ்சள் துணி தெரிந்திருக்கிறது. "உங்க வேட்டிமேல வைங்க." வைத்தான். கிளிக் என்று சத்தம் கேட்டது. "இப்ப அந்த மைக் படத்தை அமுக்கிப் புடிங்க, நான் சொல்ற வரைக்கும் விட்ராதீக." என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. அருப்புக்கோட்டை அம்மாள் பேச்சை நிறுத்தியது தெரிந்தது.

"நான் செண்பகவல்லி பேசுறேன்" என்றாள். "இன்னைக்குச் சீட்டு இது. ஒன்பது வாள். இது நாலு வருஷமா கட்டுல இல்ல. நான்தான் எடுத்து வச்சிட்டேன். பாக்கப் பயமா இருந்துச்சு. ஒண்ணு குறைஞ்சா கட்டு கட்டா இருக்காதுல்ல, அதுக்குப் பதிலா இன்னொரு சூரியன வச்சிட்டேன். அதான் உங்களுக்கு அத்தனை சூரியன். கைராசி ஒண்ணும் இல்ல. போன ஆடியில ஒரு நாள் கலைக்காமலே எடுத்தேன், அதையும் சொல்லிடுதேன்." மூச்சு வாங்கியது. "எட்டயபுரம் மாரிச்செல்வியத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, நான் கேட்டேன்னு சொல்லுங்க. இதுக்குப் பலன் எனக்குத் தெரியாது. விடுங்க." "என்னது?" "கைய விடுங்கன்னேன்." விட்டான். போன் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக ஒரு சின்னச் சத்தம் எழுப்பியது. அப்புறம் துடிக்கவில்லை. காலையிலிருந்து நிற்காமல் துடித்தது, இப்போது காளிராஜின் உள்ளங்கையில் செத்த மீன் மாதிரி கிடந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்டு முடிக்க ஒரு நிமிஷம் ஆகும். முடித்தார்களா. "மேல எத்தனை பேருன்னு ஒரு நம்பர் இருக்கும், சொல்லுங்க." "பதினோராயிரத்து நானூத்தி ஆறு." கொஞ்சம் பொறுத்து, "நானூத்தி மூணு" என்றான். "நானூறு. முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு." வண்டி கிளம்பிப் போவதைக் குறிப்பவன் மாதிரிச் சொல்லிக்கொண்டே போனான், கூட்டாமல் குறைக்காமல், குரலில் ஒன்றும் இல்லாமல். முந்நூற்று எண்பத்தொன்று. செண்பகவல்லி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் தெரிந்தது. முந்நூற்று அறுபத்தேழு.

"செண்பகவல்லி காளிராஜ், உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள். எழுந்தாள். தரை எங்கே என்று காலுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. காளிராஜ் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் முழங்கையைப் பிடித்தான். இரண்டு எட்டு நடந்து நின்றான். இன்னொரு கையில் அந்தச் சீட்டு இருந்திருக்க வேண்டும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். "இந்தப் பொம்பளை ஏன் இப்படி உக்காந்திருக்கா?" என்றான்.

"தெரியல" என்றாள் செண்பகவல்லி. "நான் கேக்கவே இல்ல."